பின்னால் வருகிறவன்

கோரையேரியை விட்டு மேலேறத் தொடங்கியதிலிருந்து சென்றாயன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. முன்னால் போகிறவனுக்குப் பாதை வேலை, தலை எண்ணுவது பின்னால் வருகிறவன் வேலை, மலைக்கு ஆள் கூட்டிப்போகிற கமிட்டியில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதியதை அவரால் வாசிக்க முடியாது என்றாலும் பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டிருக்கிறார், முன் ஆள் ஒருவர், பின் ஆள் ஒருவர், நடுவில் விருந்தாளிகள், ஒவ்வொரு வளைவிலும் முன் ஆள் விசில் ஊத வேண்டும், பின் ஆள் பதில் ஊத வேண்டும். அதன்படிதான் நடக்கிறது. ஐப்பசி கடைசி, மழை ஓய்ந்து ஆறு நாளாகிறது, புல்லெல்லாம் நுனி கருகிச் செம்பழுப்பாகக் கிடக்கிறது, விடியலில் ஏரிக்கரைச் சேற்றின் மேல் கண்ணாடிச் சில்லு மாதிரி உறைபனி இருந்தது, விருந்தாளி அம்மா அதைக் காலால் மிதித்து மிதித்துச் சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். அரசி என்று பேர். அவர் புருஷன் திலகர், மதுரையில் தையல் மெஷின் கடை. இரண்டு பேரும் நல்ல நடை. அவர்களுக்குப் பின்னால் அந்த ஆள். வழக்கமாகப் பின்னால் வரும் பரமனுக்குக் காய்ச்சல், அதனால் கமிட்டிக்காரன் அந்த ஆளை அனுப்பிவிட்டான், வேண்டுமென்றே செய்திருப்பான், சிரித்துக்கொண்டே செய்திருப்பான், இரண்டு பேரையும் ஒரே பாதையில் நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்று. நடக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஊரில் நடக்கவில்லையா, ஒரே கடையில் எதிரெதிர்ப் பெஞ்சில் டீ குடிக்கவில்லையா, ஒரு வார்த்தை போனதா, வந்ததா? சென்றாயன் வளைவில் நின்று பச்சை பிளாஸ்டிக் விசிலை வாயில் வைத்து ஊதினார். கீழேயிருந்து பதில் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது. வரட்டும். அவர் நடந்தார்.

வேகமாக நடக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது, அவருடைய நடையே அதுதான், இடது கால் ஒரு விரற்கடை குட்டை, குட்டைக் காலை வைத்துக்கொண்டு மெதுவாக ஏறினால்தான் இடுப்பு பிடிக்கும், வேகமாக ஏறினால் வலி பின்னாலேயே ஓடி வந்து எட்டிப் பிடிக்க முடியாமல் நின்றுவிடும். இதைப் பொண்டாட்டி பவுனிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். காலையில் அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரிதான் ஆரம்பித்தாள். "இன்னைக்குப் பின்னால யாரு வர்றது?" "யாரோ வர்றான்." "அவனுக்கு நெஞ்சு சரியில்லையாம். கொஞ்சம் பைய நடங்க." அவன் என்றாளே ஒழியத் தம்பி என்று சொல்லவில்லை, அந்தச் சொல்லை அந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். "மலை ஏற முடியாதவன் எதுக்குடி மலைக்கு வர்றான்?" என்றார். அவள் பதில் பேசாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பவுனு வாயடிப்பவள், கடைத்தெருவில் நாலு பேரை நிற்க வைத்துக் கேட்பவள், அவள் பேசாமல் திரும்பினால் அது பேசினதைவிட மோசம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே கஞ்சியைக் குடித்தார். நெஞ்சு சரியில்லை என்று இவளுக்கு யார் சொன்னது? ஊரில் நாலு பேர் பேசுவது காதில் விழுந்திருக்கும். ஊர் சும்மா இருக்குமா. சென்றாயன் சீகை மரக் கூட்டத்துக்குள் நுழைந்தார், உள்ளே ஈரம், மக்கிய பட்டை வாசனை, அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாகவே இன்னும் எட்டிப் போட்டது. பைய நடங்க. நடக்கிறேன். பையத்தான் நடக்கிறேன். பின்னால் அரசியம்மா மூச்சு வாங்கியபடி கூப்பிட்டார், "ஐயா, கொஞ்சம் நில்லுங்களேன், ஓடுறீங்களே." அவர் நின்றார். "அட்டை இருக்கும்மா இந்த இடத்துல. நின்னா ஏறிரும். பின்னால வர்றவர்கிட்டயும் சொல்லிருங்க." அரசியம்மா பின்பக்கம் திரும்பிச் சொன்னார், அந்த ஆளின் குரல் மரங்களுக்கிடையிலிருந்து வந்தது, "அட்டையெல்லாம் என்னைக் கடிச்சா செத்துப்போகும்மா. முன்னால போறவரைக் கடிச்சுப் பழகுன அட்டைங்க." திலகர் வாய்விட்டுச் சிரித்தார். அரசியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கவே மாட்டீங்களா?" என்றார். "பேச என்னம்மா இருக்கு? பாதை நேராத்தானே போகுது" என்றார் சென்றாயன். பாதை அந்த இடத்தில் மூன்றாக வளைந்தது.

இல்லை, அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், வாய்க்கொழுப்பு அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, பொறுக்க முடியாதது ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது சொன்னானே, அது. இவர் ஒரு கல்லில், அவன் தண்ணீரோரம் வேறொரு கல்லில், நடுவில் விருந்தாளிகள் பிளாஸ்கைத் திறந்து வைத்துக்கொண்டு. ஏரி அசையாமல் கிடந்தது, அவர்கள் ஏறப்போகிற ஆண்டிமுடி தலைகீழாக அதில் நின்றது, ஒரு நீர்க்கோழி போன வழியில் முடி இரண்டாக உடைந்து திரும்ப ஒட்டியது. அப்போது அவன் அரசியம்மாவிடம், ஆனால் இவர் காதுக்கு எட்டும்படி, "முன்னால போறவர் ஒரு காலத்துல கூ போட்டார்னா மூணு மலைக்குக் கேக்கும்மா. இப்ப பிளாஸ்டிக்தான்" என்றான். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. டீ வாயில் கசந்தது. எதற்காகச் சொன்னான்? அவருக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும், ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் கூ என்ற சொல் அவர்கள் இருக்கும் இடத்தில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. சும்மா சொன்னானா, குத்திச் சொன்னானா? குத்தியதென்றால் எந்த இடத்தில் குத்தினான்? சென்றாயன் அடுத்த வளைவில் விசிலை ஊதினார். எண்ணினார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பதில் வந்தது. மெலிசாக வந்தது. குத்தித்தான் சொல்லியிருக்கிறான்.

நடந்தது என்ன என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சென்றாயனே நூறு தடவை சொல்லியிருக்கிறார், டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸுக்கு நிற்கும்போது. தோல் பதனிடச் சீகைப்பட்டை உரித்த காலம். ஆறு பேர், பட்டையை உரித்துக் கட்டுக் கட்டித் தலைச்சுமையாக ஏரிக்கரை வரை கொண்டுவந்தால் லாரி வரும். இப்போது பின்னால் வருகிறானே, பவுனின் தம்பி, அந்தக் கோட்டைச்சாமிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, அக்கா புருஷன் என்ற மரியாதையில் இவரோடு சோடியாகக் காட்டுக்கு வந்தான். பத்து மணிக்கு மேகம் ஏறியது. இந்த மலையில் மேகம் ஏறினால் ஒரு வழக்கம் உண்டு, யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பேர் சொல்லி ஒரு குரல் வந்தால் அது மனுஷக் குரல் அல்ல, திரும்பாதே, பதில் கொடுக்காதே, அப்படியே கீழே இறங்கிவிடு. வழி தப்பியவன், விழுந்தவன், கூ போட வேண்டும், நீளமாக மூன்று கூ. கேட்டவன் பதில் கூ போட்டுக்கொண்டே போய்ச் சேர வேண்டும், கேட்டும் போகாதவனோடு ஊரில் யாரும் காட்டுக்குப் போக மாட்டார்கள். சென்றாயன் ஓடைச் சரிவில் வழுக்கி விழுந்தார், இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக மடங்கிக் கிடந்தது, கூ போட்டார், மூன்று கூ, பதில் இல்லை, மறுபடி போட்டார், பதில் இல்லை, அப்புறம்தான் வலி தாங்காமல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் ஆட்கள் வந்து எடுத்தார்கள். இதுதான் அவர் சொன்னது. ஊர் கூடியபோது கோயில் முன்னால் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி இதைத்தான் சொன்னார். "கூ கேட்டுச்சாடா?" என்று பெரியவர்கள் கோட்டைச்சாமியைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டுச்சு" என்றான். "கேட்டும் போகலையா?" "போகல." அவ்வளவுதான். மூன்று வருஷம் யாரும் அவனைக் காட்டுக்குச் சேர்க்கவில்லை. பட்டை இல்லை, தேன் இல்லை, விறகு இல்லை, பெண்களோடு குந்தியிருந்து பூண்டுக்குக் களையெடுத்தான். சென்றாயன் தன் பங்குக்கு ஒன்று சொன்னார், என் வீட்டு ஆள் எவரும் அவன் வாசலை மிதிக்கக் கூடாது. பவுனின் தாய் அவன் வீட்டில்தான் இருந்தது. அது செத்தபோது பவுனு சந்தில் நின்றாள். வாசலுக்குள் போகவில்லை, தூக்கி வெளியே கொண்டுவந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. அன்று மழைகூட இல்லை, நல்ல வெயில், சந்துச் சுவரில் யாரோ காயப்போட்ட பூண்டு வாசனை. இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்.

கேட்டுச்சு என்றான். அங்கேதான் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் அங்கேதான், வேட்டி முள்ளில் மாட்டிக்கொள்வதைப் போல, இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கிழிகிறது. ஏனென்றால் சென்றாயன் கூ போடவில்லை. இந்த ஒரு வரியை அவர் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொள்வதில்லை, பாதியில் விட்டுவிடுவார், விழுந்தேன், கால் மடங்கியது, கூப்பிட்டேன், கூப்பிட்டது கூப்பிட்டதுதானே. ஆனால் கூ போடுகிறவன் மலைக்கே தெரியும்படி ஒன்றை ஒத்துக்கொள்கிறான், நான் விழுந்துவிட்டேன், என்னால் முடியவில்லை, வந்து தூக்கு. அன்று காலையில்தான் கோட்டைச்சாமி கட்டிய பட்டைக் கட்டை எல்லார் முன்னாலும் காலால் எத்தினார், "இது கட்டா, உன் பொண்டாட்டி போட்ட கொண்டையாடா?" என்று. கட்டு பிரிந்து பட்டையெல்லாம் சரிவில் உருண்டு ஓடைக்குள் போனது, ஐந்து பேரும் சிரித்தார்கள், அவன் மட்டும் உருண்டு போகிற பட்டையைக் கடைசிப் பட்டை நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்து அதே ஓடையில் விழுந்து கிடந்துகொண்டு அவனுக்குக் கேட்கும்படி கூ போடுவதா? மூச்சை இழுத்து, தொண்டை வரை கொண்டுவந்து, விழுங்கிவிட்டு, "டேய் கோட்டை, இங்க வாடா!" என்று கூப்பிட்டார், ஒன்றும் ஆகாதவர் மாதிரி, அரிவாளை எடுத்துக் கொடு என்கிற மாதிரி. இரண்டு தடவை. மூன்று தடவை. மேகத்துக்குள்ளிருந்து வந்த பேர். அவன் போகாதது வழக்கப்படி சரி. யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் ஊர்க்கூட்டத்தில் "பேர் சொன்ன குரல்தான் கேட்டுச்சு" என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவன் சொல்லவில்லை. போடாத கூவைக் கேட்டேன் என்று சொன்னான். ஏன்? பயந்துவிட்டானா? அக்காவுக்காகவா? பிச்சையா? இருபத்திரண்டு வருஷமாக இவர் அவன் மேல் வைத்திருக்கும் கோபத்தில் பாதி அதுதான், தன் பொய்யைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், திருப்பித் தர மாட்டேன் என்கிறான், கேட்கவும் முடியாது. கேட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த வருஷத்திலிருந்து சென்றாயன் கூ போட்டதே இல்லை. தொண்டை சரியில்லை என்பார்.

மேகம் வந்ததை அவர் பார்க்கவில்லை, காதால்தான் தெரிந்துகொண்டார், சட்டென்று பறவைச் சத்தம் நின்றது, சொந்தக் காலடியே யாரோ நடப்பது போல் பக்கத்தில் கேட்டது. அப்புறம் பார்த்தால் கீழே ஏரி இல்லை, சீகைக்காடு இல்லை, பத்தடிக்கு அப்பால் திலகரின் சிவப்புக் குல்லா மட்டும் மிதந்து வந்தது. வளைவில் ஊதினார். பதில் இல்லை. காற்று எதிர்ப்பக்கம், கேட்டிருக்காது. அடுத்த வளைவில் ஊதுவான். அடுத்த வளைவில் ஊதினார், பதில் வந்ததா வரவில்லையா, வந்த மாதிரிதான் இருந்தது, அரசியம்மாவின் பைக் கொக்கி கிரீச்சிட்டதாகவும் இருக்கலாம். நின்று பார்க்கலாம். நின்றால் அவனுக்காக நின்றதாகிவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, மேலே பார்த்து, அந்த ஒரு பக்கச் சிரிப்பைச் சிரிப்பான். பைய நடங்க. எவ்வளவு பைய, இன்னும் எவ்வளவு பைய நடக்கச் சொல்கிறாள், மலையே நகர்ந்து கீழே வரட்டும் என்கிறாளா. கடைசி ஏற்றம் வெறும் பாறை, கையை ஊன்றி ஏற வேண்டும், ஏறினார், அரசியம்மாவுக்குக் கை கொடுத்தார், ஏறி நிமிர்ந்தால் வெயில். அப்படியொரு வெயில். மேகம் முழுக்கக் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி பரந்து கிடந்தது, தூரத்தில் நாலைந்து முடிகள் தீவு போல நின்றன, வானம் தேய்த்துக் கழுவின பாத்திரமாகப் பளிச்சென்று. "ஐயோ, ஏங்க, இங்க பாருங்களேன்" என்று அரசியம்மா புருஷனின் கையைப் பிடித்து இழுத்தார். திலகர் போனை நீட்டிச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார், ஒரு சுற்று முடிந்து நின்று, "அவர் எங்க?" என்றார். "வருவாரு." "உன் பின்னாடிதான வந்தாரு, அரசி?" "கடைசியா அந்தப் பெரிய வளைவுல பார்த்தேன். குனிஞ்சு செருப்பைச் சரிபண்ணிக்கிட்டிருந்தாரு. நீங்க போங்கம்மா, வர்றேன்னாரு." அவன் செருப்புப் போட்டுக்கொண்டு வரவில்லை. ரப்பர் பூட்ஸ். காலையில் பாரஸ்ட் கேட்டில் பார்த்தாரே, பார்க்காதது போலப் பார்த்தாரே, புது பூட்ஸ். பூட்ஸில் சரிபண்ண என்ன இருக்கிறது? குனிந்து நின்றிருக்கிறான். பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அது நாலு வளைவுக்குக் கீழே.

விசிலை ஊதினார், மூன்று முறை, கன்னம் வலிக்க. அந்தச் சத்தம் பஞ்சுக்குள் ஊசி போல இறங்கிக் காணாமல் போனது. மறுபடி. ஒன்றுமில்லை. அப்போது கோபம் இருந்த இடம் வெறுமையானது, இத்தனை வருஷம் சாய்ந்து நின்ற சுவரைத் திடீரென்று எடுத்துவிட்டது போல. அவன் செத்துப்போனால் பவுனிடம் யார் போய்ச் சொல்வது? நான்தான். என்ன சொல்வேன்? பையத்தான் நடந்தேன் என்றா? "வாங்க, இறங்குறோம்" என்றார் விருந்தாளிகளிடம், இப்போதுதானே வந்தோம் என்று அவர்கள் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்கள். பாறையிலிருந்து மேகத்துக்குள் காலை வைத்தார், இடுப்பளவு, கழுத்தளவு, பிறகு முழுசாக. உள்ளே குளிர், நனைந்த துணியை முகத்தில் போட்டது மாதிரி. நின்றார். கூ போட வேண்டும், பிளாஸ்டிக் போதாது, கூதான் போகும், மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தார், வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி இழுத்தார். வந்தது வேறு. "கோட்டை!" என்று வந்தது. "டேய் கோட்டை!" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது, மேகத்துக்குள் நின்றுகொண்டு பேரைச் சொல்லிவிட்டார், மறுபடியும் அதையே செய்துவிட்டார், இனி அவனுக்குக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டான், திறக்கக் கூடாது, அதுதான் வழக்கம். எங்கோ கீழே, இடது பக்கம், மிகவும் பக்கத்தில் போலவும் மிகவும் தூரத்தில் போலவும் ஒரு குரல் வந்தது. "இங்கதான் மச்சான்."

பெரிய வளைவுக்கும் கீழே, ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். உதடு சாம்பல் நிறம், நெற்றியெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில் வேர்வை, இடது கையை மடியில் போட்டு வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான், யாரோ கொடுத்து வைத்த பொருளைப் போல. திலகர் பார்த்ததும் புரிந்துகொண்டார். "ஏரிக்கிட்டதான சிக்னல் இருந்துச்சு? நாங்க முன்னாடி போய் ஜீப்புக்குச் சொல்றோம்." "வழியில வெள்ளையடிச்ச கல்லு நட்டிருக்கும் சார், கல்லை விட்டு விலகாதீங்க" என்றார் சென்றாயன். அவர்கள் போனார்கள். மேகம் அவர்களை மூடியது. இரண்டு பேர் மட்டும். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பேச வேண்டிய முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார், வந்தது என்னவோ, "பூட்ஸைக் கழட்டு. இறுக்கிப்பிடிக்கும்" என்பதுதான். "காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன மச்சான்?" "கழட்டுடான்னா." குனிந்து அவரே கழற்றினார். அவனை எழுப்பி, தோளுக்கு அடியில் கை கொடுத்து நிறுத்தினார். பத்து எட்டு வைத்து உட்கார வைத்தார், மறுபடி பத்து எட்டு. குட்டைக் கால் இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் உள்ளே குத்தியது, அவனுடைய எடை முழுக்க அந்தப் பக்கம். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது கோட்டைச்சாமி சொன்னான், "பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க." "பேசாத." "அன்னைக்கும் அப்படித்தான்." மேகத்துக்குள் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். "கூப்பிட்டது நீங்கதான்னு எனக்குத் தெரியும் மச்சான். காத்துமில்லை கருப்புமில்லை, உங்க குரல்தான். வலியில கூப்பிடுறீங்கன்னும் தெரிஞ்சுச்சு, அந்த டேய்-ல தெரிஞ்சுச்சு. கெடக்கட்டும்னு இறங்கிட்டேன்." மூச்சு வாங்கினான். "பட்டை உருண்டு போனதே கண்ணுல நின்னுச்சு. கெடக்கட்டும்னு." "அப்புறம் ஏன்டா கூ கேட்டுச்சுன்னு சொன்ன?" கேட்டுவிட்டார். கேட்டதே ஒத்துக்கொண்டதாகிவிட்டது, ஆகட்டும். "பேர்தான் கேட்டுச்சுன்னா என்னைச் சரின்னு விட்டுருப்பாங்களே" என்றான் கோட்டைச்சாமி. "நான் சரியில்லையே. எதையாச்சும் சொல்லி அடி வாங்கணும்ல." அந்த ஒரு பக்கச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது, கண்ணை மூடிக்கொண்டான்.

ஆக, சரியான ஆள் மேல்தான் கோபப்பட்டிருக்கிறார். தெரிந்தே விட்டுப் போயிருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் எதைச் சொல்லித் திரிந்தாரோ அது உள்ளே உண்மை, வெளியே பொய், அவனுடையது வெளியே உண்மை, இல்லை, எது எங்கே, தலை சுற்றியது. சந்தோஷமாக இருக்க வேண்டும். அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். கேட்டதும் நெஞ்சு நிறையும் என்று நினைத்திருந்தார். நிறையவில்லை, பந்தியில் எல்லாரும் எழுந்து போனபிறகு இலையில் விழுந்த சோறு போல இருந்தது. பத்து எட்டு. உட்கார். பத்து எட்டு. இவன் மூன்று வருஷம் களையெடுத்தான், நான் கால் நொண்டினேன், இவனுக்கும் எனக்கும் சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு ஆம்பளைகள் ஒரு ஓடைச்சரிவில் ஒருவனை ஒருவன் பழிவாங்கிக்கொண்டோம். ஆனால் சந்தில் நின்றவள்? அவள் எந்தக் கட்டை எத்தினாள், யாரை விட்டுவிட்டு இறங்கினாள்? "மச்சான்" என்றான் கோட்டைச்சாமி கண்ணைத் திறக்காமல், "அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?" "நீ வாயை மூடிட்டு மூச்சு விடு" என்றார். அதையேதான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். இனி ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து அதையேதான் யோசிக்க வேண்டும். மேகம் கீழே கிழிந்து, கிழிசலில் ஏரி தகடு மாதிரி தெரிந்தது.

ஏரிக்கரைக்கு வந்தபோது மூன்று மணி இருக்கும். ஜீப் கிளம்பிவிட்டது, இருபது நிமிஷம் என்கிறார்கள், என்றார் திலகர். அரசியம்மா தன் கம்பளியை விரித்து அவனைப் படுக்க வைத்து, தலையைத் தன் பையின் மேல் தூக்கி வைத்தார். "வீட்டுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டார். கோட்டைச்சாமி சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்துச் சென்றாயனிடம் நீட்டினான். "ரெண்டை அமுக்கிப் பிடிங்க. அக்காவுக்குப் போகும்." சென்றாயன் அந்தப் போனையே பார்த்தார். இரண்டை. ஒன்று அவன் பொண்டாட்டியாக இருக்கும், இரண்டு அக்கா. நெஞ்சு சரியில்லை என்று யார் சொன்னது என்று காலையில் யோசித்தாரே. எத்தனை வருஷமாக? அவர் காட்டுக்குப் போன பிறகு, டீக்கடைக்குப் போன பிறகு, வீட்டுக்குள்ளேயே ஒரு சந்தில் நின்று. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அமுக்கிப் பிடித்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "சொல்லுடா சாமி" என்றாள். அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை, கல்யாணமான புதிதில்கூடக் கேட்டதில்லை, அதற்கும் முந்தினது அது, சின்னப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் ஒரு பெண்ணின் குரல். "இறங்கிட்டியா? நெஞ்சு எப்படியிருக்கு? வெரட்டியிருப்பாரே அந்த மனுசன். நான்தான் பைய நடங்கன்னு சொல்லியனுப்புனேன், சொன்னா கேக்குற ஆளா அது? ஏன்டா பேச மாட்டேங்குற?" பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். தண்ணீர் விடுகிற நேரம். "நான்தான்" என்றார். அந்தப் பக்கம் குரல் நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்தது. "உன் தம்பிக்கு நெஞ்சு வலி. பேசிக்கிட்டுத்தான் இருக்கான், பயப்படாத. ஜீப்பு வருது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீ கிளம்பி அவன் வீட்டுக்குப் போ. அவன் பொண்டாட்டிகூட இரு. கேக்குதா பவுனு? அவன் வீட்டுக்குப் போ." மிகச் சின்னதாக, பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்கும் பிள்ளையைப் போல, "போகலாமா?" என்றாள்.

ஏரியைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், கம்பளியில் கிடப்பவன் கண்ணைத் திறந்து தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். "போ" என்றார். "பவுனு, இரு, ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்குக் கூ போடல. அவன் மேல தப்பில்ல, இருக்கு, ஆனா அது வேற, நான் சொன்னது பொய். நான் போடவே இல்ல. ஓடையில கெடந்துக்கிட்டு வாடா போடான்னு கூப்பிட்டேன். ஊரையே கூட்டி வச்சுப் பொய் சொன்னேன். உங்கம்மா சாவுக்கு உன்னைச் சந்துல நிக்க வச்சது அந்தப் பொய்தான். கேக்குறியா?" காதில் போனை அழுத்திக்கொண்டார். மூச்சுச் சத்தம் இல்லை. முதலில் அவள் அழுகிறாளோ என்று நினைத்தார், அப்புறம்தான் தெரிந்தது, அவர் போ என்றதுமே அவள் போனை வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், அணைக்கக்கூட இல்லை, கதவு திறந்தே கிடக்க வேண்டும், தெருவில் யாரோ, எங்கேக்கா இப்படி ஓடுற, என்று கேட்பது தூரத்தில் கேட்டது. வாளி நிறைந்துவிட்டது. தண்ணீர் வழிந்து சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் வந்தது. "நான் போடல பவுனு" என்று அவர் இன்னொரு தடவை சொன்னார். அங்கே குழாயை நிறுத்துவதற்கு யாரும் இல்லை.